நிறக் கற்களும் நம் நகைகளும்

ஒரு நாள் மஃரிபுக்குச் சற்று முன்னர், நம் தெருவைச் சேர்ந்த வயதான பெண்மணி ஒருவர் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு மாலையை அவிழ்த்து, நம் வீட்டாரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். கொழும்பில் வேலை பார்க்கும் அவருடைய மகன் அனுப்பிய மாலை அது. வெள்ளிக் கம்பியைக் கையாலேயே முறுக்கி, அதில் பட்டை தீட்டாத கற்களைக் கட்டியிருந்தார்கள். ஆற்று மணலிலிருந்து அள்ளியெடுத்த வாக்கிலேயே கரடுமுரடாக, நீலமும் மஞ்சளும் ரோஜா நிறமும் பச்சையுமாக ஏறத்தாழ முப்பது கற்கள் இருந்தன. மாலையோடு பெட்டியில் அச்சடித்த தாள் ஒன்றும் இருந்தது. நீலக்கல் சனியின் கெடுதியை விலக்கும், புஷ்பராகம் செல்வத்தை ஈர்க்கும், இன்ன கல் கருவுற்ற பெண்ணைக் காக்கும் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

"ஹஜ்ரத், புள்ள ஆசையா அனுப்பினது. ஆனா இந்தக் காகிதத்தைப் படிக்கக் கேட்டதிலேருந்து மனசு ஒப்பலை. இதைப் போட்டுக்கிட்டுத் தொழுதாக் கூடுமா?" என்று திரைக்குப் பின்னிருந்து கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் கல் பதித்த நகை இல்லாத முஸ்லிம் வீடு நம் பகுதியில் அரிது. அதை வாங்குவதிலும், மாற்றுவதிலும், அணிவதிலும், அதற்கு ஜகாத் கொடுப்பதிலும் உள்ள மஸ்அலாக்களை அறிந்தவர்கள் அதைவிட அரிது. ஆகவே அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில், கல் என்பது அல்லாஹ்வின் படைப்பு. மலைகளில் வெண்மையும் செம்மையுமாகப் பல நிறப் பாதைகளும், கன்னங்கரிய பாதைகளும் இருப்பதை ஃபாத்திர் அத்தியாயத்தின் 27-வது வசனம் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறது. ரஹ்மான் அத்தியாயம் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளாகக் கூறுவதோடு, சுவனத்துக் கன்னியருக்கு மாணிக்கத்தையும் உவமையாக்குகிறது. கடலிலிருந்து நீங்கள் அணியும் ஆபரணத்தை எடுக்கிறீர்கள் என்ற கருத்து நஹ்ல் அத்தியாயத்தில் வருகிறது. இவ்வளவு தெளிவாக அணிகலன் என்று சொல்லப்பட்ட ஒன்றை, தகுந்த ஆதாரமின்றி ஆகாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பெண்கள் எல்லா நிறக் கற்களையும், பட்டை தீட்டியதாயினும் தீட்டாததாயினும், தங்கத்தில் பதித்தோ வெள்ளியில் கட்டியோ அணியலாம். அணிந்து கொண்டு தொழலாம். அந்நிய ஆடவர் முன் காட்டுவதுதான் கூடாது. கணவனை இழந்த பெண் இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாட்களில் தங்க நகையைப் போலவே முத்து, கல் நகைகளையும் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு வெள்ளி மோதிரம் ஆகும். பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் தங்க மோதிரம் அணிந்து, பிறகு அதை எறிந்துவிட்டு வெள்ளி மோதிரம் செய்து கொண்ட வரலாறு புகாரியில் இருக்கிறது. முத்திரையில்லாத கடிதத்தை ரோமர்கள் ஏற்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டதால் முத்திரையாகச் செய்யப்பட்ட மோதிரம் அது. அதன் குமிழும் வெள்ளியாகவே இருந்ததென அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஓர் அறிவிப்பு உண்டு. அதே அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் இன்னோர் அறிவிப்பில், அக்குமிழ் அபிசீனியக் கல் என்று வருகிறது. இரண்டும் வெவ்வேறு மோதிரங்கள் என்று விளக்கம் சொன்ன இமாம்கள் உண்டு. கல்லுள்ள பக்கத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி அணிந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஹிதாயாவில் ஒரு நுட்பம் வருகிறது. ஹனஃபி மத்ஹபில் முழுவதும் கல்லாலோ இரும்பாலோ பித்தளையாலோ ஆன மோதிரம் ஆகாது. ஆனால் வெள்ளி வளையத்தில் கல்லைப் பதிப்பது ஆகும். மோதிரம் என்பது வளையத்தைக் கொண்டுதான், குமிழைக் கொண்டல்ல என்பது அதற்குக் காரணம். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் உம்மு என்ற நூலில், முத்து பெண்களின் அணி என்பதால் ஆண்கள் அதை ஒழுக்கத்திற்காகத் தவிர்ப்பதை விரும்பினார்களே தவிர ஹராம் என்று கூறவில்லை. மாணிக்கம் முதலியவற்றில் வீண் செலவும் பெருமையும் வரும்போதுதான் வெறுத்தார்கள். இன்று நம் இளைஞர்கள் சிலர் நிறக் கல்மணிகளைக் கோத்து மணிக்கட்டிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளி மோதிரத்திற்கு உள்ள அனுமதியைக் கழுத்து மாலைக்கு நீட்ட முடியாது. பெண்களுக்கு ஒப்பாகும் ஆண்களைப் பற்றிய எச்சரிக்கை புகாரியில் இருப்பதைப் பெற்றோர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.

இனி அந்தத் தாளின் விஷயத்திற்கு வருவோம்.

ஒரு கல் தன் ஆற்றலால் செல்வத்தைத் தரும், நோயைத் தடுக்கும், கிரகத்தின் கெடுதியை விலக்கும் என்று நம்புவது ஈமானைத் தொடும் விஷயம். உலகில் கற்களிலேயே கண்ணியமானது கஃபாவின் ஹஜருல் அஸ்வத். அதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்யாத கல் என்பதை அறிந்தே, பெருமானார் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்ட ஒரே காரணத்திற்காக முத்தமிடுவதாக எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. ஹஜருல் அஸ்வதுக்கே இதுதான் நிலை என்றால், கடைக்காரர் விற்கும் நீலக்கல்லுக்கு என்ன நிலை? பைஅத் செய்ய வந்த பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் மட்டும் பைஅத் வாங்கி, காப்புத் தொங்கவிட்டிருந்த ஒருவரை நிறுத்தி வைத்து, அவர் அதை அறுத்தெறிந்த பின்னரே அவருடைய பைஅத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்ற செய்தியை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். இறைவசனம் எழுதிய தாயத்தைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விஷயம். அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. கல்லைப் பற்றி அப்படி ஒரு கருத்து வேறுபாட்டிற்கே இடமில்லை.

"அகீக் மட்டும் விதிவிலக்கு அல்லவா? அதை அணிவது சுன்னத்து, பரக்கத்து என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். ஹஜ்ஜிலிருந்து திரும்புகிறவர்கள் செந்நிற எமன் அகீக்கை வாங்கி வந்து அன்பளிப்பாகக் கொடுப்பதை நாமும் அறிவோம். அதை அணிவதில் குற்றமில்லை. ஆனால் அகீக் மோதிரம் அணியச் சொல்லும் அறிவிப்புகளில் எதுவும் பெருமானார் (ஸல்) அவர்களைத் தொட்டு உறுதியாகவில்லை என்று இமாம் உகைலி சொல்லிவிட்டார்கள். இப்னுல் ஜவ்ஸி அவற்றை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார்கள். மோதிரச் சட்டங்களுக்கென்றே தனிநூல் எழுதிய இப்னு ரஜப் ஹன்பலி அவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. மதீனாவுக்கு அருகில் அகீக் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அது பரக்கத்தானது என்பதற்கு புகாரியில் ஹதீஸ் உண்டு. 'தகய்யமூ' என்றால் கூடாரமடித்துத் தங்குங்கள் என்று பொருள். 'தகத்தமூ' என்றால் மோதிரம் அணியுங்கள் என்று பொருள். அரபு எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு, ஓர் எழுத்தின் இரண்டு புள்ளிகள் கீழே இருப்பதா மேலே இருப்பதா என்பதுதான். பள்ளத்தாக்கைப் பற்றிய சொல்லை ஓதத் தவறியவர்கள் அதைக் கல்லைப் பற்றியதாக ஆக்கிவிட்டார்கள் என்று ஹம்ஸா இஸ்பஹானி என்ற மொழியறிஞர் கூறியிருக்கிறார்.

கல்லின் குணங்களைச் சோதித்துப் பார்த்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். கி.பி. 973-ல் பிறந்த அபூ ரைஹான் பீரூனி அவர்கள் மணிக்கற்களைப் பற்றி ஜமாஹிர் என்ற நூலை எழுதினார்கள். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் அவிந்துவிடும் என்று அக்காலத்து நூல்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டிருந்தன. பீரூனி அவர்கள் பாம்பின் கழுத்தில் மரகத மாலையைக் கட்டி, வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் பார்த்தார்கள். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து அந்த அச்சடித்த தாளைப் பார்த்தபோது நமக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பெண்மணியிடம் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு மாலையைத் திருப்பிக் கொடுத்தோம். மாலையில் ஒரு குற்றமும் இல்லை.

அந்த மாலை வந்த நாட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் வயல்களுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் அடியில் கல் கலந்த பருக்கை மண் படிந்திருக்கிறது. 'இல்லம்' என்று அதைச் சொல்கிறார்கள். குழி வெட்டி, மரம் கொடுத்துத் தாங்கி, அம்மண்ணை மேலே ஏற்றிக் கூடையில் அலசிக் கல்லைப் பொறுக்குகிறார்கள். கி.பி. 1344-ல் அத்தீவிற்குச் சென்ற இப்னு பதூதா, அங்குள்ள பெண்கள் பல நிற மாணிக்கங்களைக் கழுத்து மாலையாகவும், கைகால்களில் வளையலாகவும் கொலுசாகவும் அணிந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். பேருவளைச் சீனன்கோட்டையில் நம் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இக்கல் வியாபாரத்தில் இருக்கிறார்கள். நம் தமிழகத்திலும் காங்கேயம், கரூர்ப் பக்கங்களில் கல் கிடைக்கிறது.

பட்டை தீட்டாத கல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அப்படியிருக்க இது ஏமாற்றமுள்ள வியாபாரம் ஆகாதா என்று ஒரு கேள்வி எழும். ஆகாது. விற்கப்படுவது கண்ணுக்கு முன்னால் இருக்கும் இந்தக் கல். நாளை தீட்டினால் வரப்போகும் மணியல்ல. பொருளைப் பார்த்து, விலையைப் பேசி, கைமாற்றினால் வியாபாரம் நிறைவேறிவிடுகிறது. ஆனால் சிப்பியைத் திறக்காமல் உள்ளே உள்ள முத்தை மட்டும் விற்பது கூடாது என்று இமாம்கள் சொன்னார்கள். அங்கே விற்கும் பொருளே மறைந்திருக்கிறது.

கண்ணாடியைக் கல் என்று எண்ணி ஒருவர் பெரும் விலை கொடுத்து வாங்கிவிட்டால் என்ன சட்டம்? ஷாபிஈ ஃபிக்ஹ் நூல்கள் இதற்குத் தரும் பதிலைக் கேட்டுப் பலர் திடுக்கிடுவார்கள். விற்றவர் வாயைத் திறந்து இது மாணிக்கம் என்று சொல்லாதிருந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. தெரிந்தவரிடம் கேட்காதது அவருடைய தவறு. விற்றவர் மாணிக்கம் என்று சொல்லி, அது கண்ணாடியாக இருந்தால் நிலைமை மாறிவிடும். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், மஹர் பாடத்தில், இதை ஓர் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். யாகூத் என்று வாங்கிய கல் கண்ணாடியாக இருந்தால் அந்த வியாபாரமே ஏற்படவில்லை. ஏனெனில் இனமே வேறு. சிவப்பு யாகூத் என்று வாங்கியது பச்சை யாகூத்தாக இருந்தால் வியாபாரம் ஏற்பட்டுவிடும்; ஏனெனில் இனம் ஒன்று, தன்மைதான் வேறு.

இதை ஓதிய காலத்தில், சிவப்பும் பச்சையும் எப்படி ஒரே இனம் என்று நமக்கு வியப்பாக இருந்தது. பின்னரே தெரிந்துகொண்டோம். சிவப்பு மாணிக்கமும், நீலமும், மஞ்சள், பச்சை நிறக் கற்களும் அலுமினியமும் பிராண வாயுவும் சேர்ந்த ஒரே கனிமம்தான். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கி.பி. 1197-ல் மறைந்த ஹிதாயா ஆசிரியர் மர்கீனானி (ரஹ்) அவர்களிடம் இரசாயனக் கூடம் எதுவும் இருக்கவில்லை. கல் வியாபாரிகளின் அனுபவமே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இன்றைய சந்தையில் கண்ணாடி மட்டுமல்ல பிரச்சினை. பால் நிறமாக இருக்கும் கல்லைக் கடும் சூட்டில் வைத்து நீலமாக்குகிறார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் இலங்கையிலிருந்து இத்தகைய வெளிறிய கற்களை மலிவாக வாங்கிச் சென்று இப்படிச் செய்தார்கள். வெடிப்புள்ள மாணிக்கத்தில் கண்ணாடியை உருக்கி நிரப்பி முழுக்கல்லைப் போல ஆக்கிவிடுகிறார்கள். தட்டான் நெருப்புப் பட்டாலோ திராவகம் பட்டாலோ அது கெட்டுவிடும். இவையன்றி, உலையில் உருக்கி உருவாக்கும் மாணிக்கம் 1902 முதலே உலகறிந்தது. சூடுபடுத்தியதை விற்பது ஹராமல்ல. சொல்லி விற்க வேண்டும். தெரிந்த குறையை மறைத்து விற்றவர், நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த கண்டனத்திற்குள் வந்துவிடுகிறார். உலைக் கல்லும் இரசாயனத்தில் அதே பொருள்தானே என்று ஒரு வியாபாரி வாதிக்கலாம். மக்கள் விலை கொடுப்பது பூமியிலிருந்து கிடைத்தது என்பதற்காக; அதை மறைப்பது ஏமாற்றுதான்.

இனிச் சொல்லப் போவது எல்லா வீடுகளையும் தொடும் விஷயம். சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஃபளாலா பின் உபைத் (ரலி) அவர்கள் கைபர் போர்க்காலத்தில் தங்கமும் மணிகளும் சேர்ந்த ஒரு கழுத்து மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிறகு தங்கத்தைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அதில் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு அதிகமாகத் தங்கம் இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, பிரிக்கும் வரை அதை விற்கக்கூடாது என்ற தீர்ப்பு வந்தது. தங்கத்திற்குத் தங்கம் கொடுத்தால் எடை சமமாக இருக்க வேண்டும், கைக்குக் கை மாற வேண்டும், இல்லையேல் வட்டி. நடுவில் மணிகள் இருப்பதால் எடை தெரியாமல் போய்விடுகிறது. இந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. மதரஸாவில் இதை நாம் ஓதினோம். பிறகு ஓதியும் கொடுத்தோம்.

அப்படியிருக்க, சில ஆண்டுகளுக்கு முன் நம் தாயாரின் பழைய சிவப்புக்கல் பதக்கத்தை எடுத்துக்கொண்டு நாமே ஒரு நகைக் கடைக்குப் போனோம். பழையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்து, புதிய கல் நகை ஒன்றை வாங்கி வந்தோம். பழைய நகை ஐந்து பவுன் என்பது நம் வீட்டுக் கணக்கு. பாட்டனார் காலத்தில் வாங்கும்போது கல்லையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டிருந்தார்கள். விற்கும்போது மட்டும் கல்லுக்குக் கழிவு. இந்த ஊர்வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரர் பிரித்துப் பார்க்காமலே குத்துமதிப்பாகக் கழித்தார்; நாமும் தலையாட்டினோம். இஷாவுக்குப் பிறகு கிதாபை விரித்தபோதுதான் ஃபளாலா (ரலி) அவர்களின் ஹதீஸ் நம் முன் வந்து நின்றது. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் போய், பேரத்தை முறித்துக்கொள்ள வேண்டும் என்றோம். அவர் சிரித்தார். "அதே நகை, அதே பணம்தானே ஹஜ்ரத், இதில் என்ன வந்துவிட்டது?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். பதக்கத்தைக் கழற்றச் சொன்னோம். கல்லை எடுத்து, உள்ளே அடைத்திருந்த அரக்கையும் உருக்கி எடுத்து நிறுத்தபோது தங்கம் மூன்றரைப் பவுனாக நின்றது! முதலில் அந்த மூன்றரைப் பவுனை அன்றைய விலைக்கு அவருக்கு விற்று, ரூபாயை எண்ணி நம் கையில் வாங்கிக்கொண்டோம். பிறகு அந்த ரூபாயோடு மேலும் கொஞ்சம் சேர்த்துப் புதிய நகையை வாங்கினோம். மேல்தொகை முந்தைய நாளைவிடக் கூடிவிட்டது உண்மைதான். மற்றவர்களும் இப்படியே செய்யலாம். பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குவது ஒரு வியாபாரம். புதியதை வாங்குவது இன்னொரு வியாபாரம். ரூபாய்க்குத் தங்கம் வாங்கும்போது எடைச் சமம் தேவையில்லை. உடனுக்குடன் கொடுத்து முடித்துக்கொள்வது பேணுதல். பில்லில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கல் பதித்த தங்கத்தை வெறும் தங்கத்திற்கு நேராக மாற்றுவதை ஷாபிஈ மத்ஹப் அறவே அனுமதிப்பதில்லை. வெறும் தங்கம், நகையில் உள்ள தங்கத்தைவிட உறுதியாக அதிகமாக இருந்தால் ஆகும், அந்த அதிகம் கல்லுக்கு ஈடாகும் என்பது ஹனஃபி மத்ஹப். குத்துமதிப்புக்கு இரண்டு மத்ஹபிலும் இடமில்லை.

ஒளூ, குளிப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. மோதிரம் இறுக்கமாக இருந்து அதன் அடியில் தண்ணீர் போகாதென்றால் அசைத்துத் தண்ணீரைச் செலுத்துவது கட்டாயம். கம்மல் துவாரத்திற்கும் கடமையான குளிப்பில் தண்ணீர் செல்ல வேண்டும். அல்லாஹ்வின் திருநாமம் பொறித்த கல் மோதிரத்தோடு கழிவறைக்குள் செல்லக்கூடாது; கழற்ற வசதியில்லையேல் உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் பொத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஜகாத். மாணிக்கமோ வைரமோ முத்தோ எவ்வளவு விலை பெற்றாலும், அணிவதற்காக வைத்திருந்தால் அதற்கு ஜகாத் இல்லை. இதில் நான்கு மத்ஹபும் ஒன்று. கல் வியாபாரிக்கு மட்டும் அது வியாபாரப் பொருள். ஆண்டு நிறைவில் கைவசம் உள்ள தீட்டிய கல், தீட்டாத கல் இரண்டையும் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டு நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். தீட்டினால் இவ்வளவு வரும் என்ற கனவு விலைக்கு அல்ல. பெண்களின் நகையில் உள்ள தங்கத்திற்கும் வெள்ளிக்கும் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. தங்கத்தின் நிஸாப் இருபது மித்கால், அதாவது ஏறத்தாழ 87 கிராம், பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கல்லையும் அரக்கையும் கழித்த நிகர எடைதான் கணக்கு. நம் தாயார் அந்தப் பதக்கத்தை ஐந்து பவுன் என்று வைத்தே இத்தனை ஆண்டுகளும் மற்ற நகைகளோடு சேர்த்து ஜகாத் கொடுத்து வந்திருக்கிறார்கள். "கூடக் கொடுத்தது ஸதக்காவா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். ஷாபிஈ மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் ஆகுமான நகைகளுக்கு ஜகாத் இல்லை.

மாலை கொண்டுவந்த அப்பெண்மணி ஷாபிஈ. ஆகவே அவருக்கு அதில் கல்லுக்கும் இல்லை, வெள்ளிக்கும் இல்லை. ஆனால் மருமகள் ஹனஃபி. பெருநாளைக்கு மாலையை மருமகளுக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அப்படிக் கொடுத்த பின், கல்லைக் கழித்துக் கம்பியின் எடையை மட்டும் ஒரு தட்டானிடம் மதிப்பிட்டு, மருமகள் தம்முடைய மற்ற தங்கம், வெள்ளி, ரொக்கத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பி கல்லைச் சுற்றி முறுக்கியிருப்பதால் பிரிக்க முடியாது. மதிப்பீட்டில் சந்தேகம் வந்தால் கூடுதலான எடையையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.